துக்கம் ஏற்காத வீடு

கால்வாய்க் கரையில் பம்பு இயந்திரத்தை முடுக்குவதற்காகக் குனிந்த ரிஃபாயியை முதுகில் சுட்டார்கள். அவன் முகம் வாய்க்காலுக்குள் விழுந்தது. இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்ததால் இரத்தம் தண்ணீரோடு கலந்து கரும்புப் பாத்திகளுக்குப் பாய்ந்தது. சுட்டவன் ஷாலான் குடும்பத்துக் கினாவி என்பது ஊருக்கே தெரியும். தண்ணீர் முறை யாருடையது என்று காலையில் எழுந்த வாய்ச்சண்டைக்கு நண்பகலில் அவன் அளித்த விடை அது.

பொழுது சாய்வதற்குள் புதைத்துவிட்டார்கள். கூடாரம் கட்டவில்லை, ஓதுவதற்கு ஆள் அழைக்கவில்லை, கசப்புக் காப்பி ஊற்றவில்லை, பெண்கள் வாய்விட்டு அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களைக் குடும்பத் தலைவர் ஹாஜ் மஹ்ரூஸ் வாசலிலேயே நிறுத்தினார்.

“எங்க வீட்டுல இன்னும் சாவு விழல. விழும்போது சொல்லி அனுப்புறோம். அப்ப வாங்க.”

நைல் நதியின் எங்கள் கரையில் கொலையுண்டவனுக்குத் துக்கம் ஏற்பது, கொன்றவர்களில் ஒருவனைப் புதைத்த பிறகுதான். அதுவரை செத்தவன் சாகவில்லை. அதுவரை வீட்டார் அழக் கூடாது. பழி தீர்க்க வேண்டியவன் தாடி மழிக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, விருந்தில் கை நனைக்கக் கூடாது. ரிஃபாயிக்காக அந்தக் கடன் அவன் தம்பி துஹாமியின் தலையில் இறங்கியது.

துஹாமி அதைச் சுமந்த விதத்தைக் கண்டு குடும்பமே பெருமிதம் கொண்டது. ரொட்டியைப் பிட்டு வாயில் வைப்பான், விழுங்க மாட்டான். விடியல் தொழுகைக்கு நெடுநேரம் முன்பே விழித்துக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பான். கேட்ட கேள்விக்கு விடை வருவதற்குள் கேட்டவன் தேநீர் குடித்து முடித்துவிடுவான். கண்கள் சுவரில் ஓரிடத்தில் நிலைத்திருக்கும். தாடி நெஞ்சில் இறங்கிக்கொண்டிருந்தது.

“பாத்தியா என் சிங்கத்தை?” என்றாள் அவன் தாய் ரதீபா, மருமகளிடம். “அண்ணன் ரத்தம் தொண்டையில நிக்குது. சோறு எப்படி எறங்கும்?”

துஹாமியின் மனைவி நவ்வாராவுக்குப் பழைய பேச்சு நினைவுக்கு வந்தது. இதே தாய், இதே மகனைப் பற்றி, ரிஃபாயி சுடப்படுவதற்கு முன்பு வேறு சொற்களைச் சொல்லியிருந்தாள். “கல்யாணத்துக்கு முன்ன கழுதை கணக்கா உழைச்சான். நீ வந்த, கட்டிலோட ஒட்டிக்கிட்டான். என்ன எழவைத்தான் ஊட்டுறியோ!” என்று அடுப்படியில் பாத்திரத்தை எறிந்தவள் அவள்.

உண்ணாமை, உறங்காமை, பேசாமை ஆகியவை அப்போதும் இருந்தன. அவற்றுக்குச் சோம்பல் என்று பெயர். ரிஃபாயி விழுந்த மறுநாளிலிருந்து அவற்றுக்கு மானம் என்று பெயர் மாறியது. மாறியது பெயர் மட்டுமே என்பதை அந்த வீட்டில் நவ்வாரா ஒருத்திதான் அறிந்திருந்தாள்.

சென்ற ஆண்டுக் கரும்பு வெட்டு முடிந்த பருவத்தில் அது தொடங்கியது. முதலில் அவன் புறாக்களை மறந்தான். மாடியில் மண்ணால் கட்டிய புறாக்கூடு அவனுடைய உயிர். ஒவ்வொரு பறவையையும் பெயர் சொல்லி அழைப்பான். தீனி வைக்கச் சொன்னால் “அப்புறம்” என்பான். பிறகு நாற்றம் வந்தது. நவ்வாரா ஏறிப் பார்த்தபோது குஞ்சுகள் கூட்டுக்குள்ளேயே காய்ந்து கிடந்தன. அவள் அழுதாள். அவன் கதவருகில் நின்று, அயலான் வீட்டுச் சேதத்தைப் பார்ப்பவனைப் போலப் பார்த்தான். மகன் ஜாபிர் பிறந்தபோதும் வாய் சிரித்தது, கண்கள் உடன்படவில்லை. கண்ணேறு என்று கருதி நவ்வாரா தாயத்துக் கட்டினாள். கட்டிய கயிறு நைந்துபோயிற்று. அவன் அப்படியே இருந்தான்.

அதற்குப் பின்னர்தான் குண்டு வந்தது. குண்டோடு காரணமும் வந்து சேர்ந்தது. காரணம் கிடைத்துவிட்டதால் அதன்பின் எவரும் எதையும் கேட்கவில்லை.

ஹாஜ் மஹ்ரூஸ் துப்பாக்கியை அவன் மடியில் வைத்தார். பழி தீர்க்கும் நாளை அறுவடைக்கு முன்பு வைப்பதென முடிவாயிற்று. அதற்குள் இளைஞர்கள் சிலர் பொறுமையிழந்து, ஷாலான்களின் வண்டிக்காரன் ஒருவனைக் கரும்பு ரயில் தண்டவாளத்தருகே பிடித்தார்கள். தண்டவாளத்தின்மேல் அவன் கைகளை வைத்துக் கற்களால் நொறுக்கினார்கள். “நீயும் ஒண்ணு போடு, துஹாமி!” என்று கல்லை நீட்டினார்கள். துஹாமி கல்லை வாங்கினான்; எதற்கு வாங்கினோம் என்பதை மறந்தவனைப் போல அதைப் பார்த்தான்; கீழே வைத்தான். வண்டிக்காரனின் அலறல் சர்க்கரை ஆலை வரை கேட்டது.

“இவன் பெரிய மீனுக்காகக் காத்திருக்கான்” என்று ஒருவன் விளக்கம் சொன்னான். மற்றவர்கள் தலையசைத்தார்கள்.

அந்தக் கைகளுக்கு ஷாலான்கள் நெருப்பால் விடை சொன்னார்கள். வடகாற்று வலுத்த ஒரு முற்பகலில், வெட்டுக்கு நின்ற கரும்பின் வட ஓரத்தில் தீ வைத்தார்கள். கரும்பு வெடிக்கும் ஓசையைத் துப்பாக்கி ஓசை என்று எண்ணி ஆண்கள் முதலில் துப்பாக்கிகளோடு ஓடினார்கள். பிறகு அவற்றை எறிந்துவிட்டுப் பேரீச்ச மட்டைகளோடு ஓடினார்கள். நரிகள் மயிர் பொசுங்கி வெளியே பாய்ந்தன. ஒரு கழுதை கட்டிய இடத்திலேயே எரிந்தது.

அந்தக் கூச்சலுக்கு நடுவே துஹாமி, இரண்டு கரும்பு வரிசைகளுக்கிடையே, தீக்கு எதிரே நடந்து போனான். ஓடவில்லை, நடந்தான். போய் நின்றான்.

நவ்வாரா குழந்தையை ரதீபாவின் கையில் திணித்துவிட்டு உள்ளே பாய்ந்தாள். அவன் அங்கியின் சட்டைக்கை பற்றி எரிந்துகொண்டிருந்தது. வலக்கைத் தோல் சுருண்டிருந்தது. அவள் தன் உள்ளங்கைகளால் தீயை அறைந்து அணைத்து, அவனை அங்கியைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். மரம் அசைவதைப் போல அசைந்தான். அப்போது அவன் முகத்தைப் பார்த்தாள். பல மாதங்களாக இறுகியிருந்த முகம் தளர்ந்து, குளிரில் கிடந்தவன் அடுப்பருகே வந்ததைப் போல அமைதியாக இருந்தது.

“ஏன் வந்த?” என்றான் மெதுவாக. “சும்மா இருந்திருக்கலாமே.”

வெளியே இருந்தவர்கள் ஆரவாரித்தார்கள். “நெருப்பையே மொறைச்சுக்கிட்டு நின்னான்டா! ஷாலான்கள் இதைப் பாத்திருக்கணும்!”

நவ்வாராவின் உள்ளங்கை கொப்பளித்தது. அவள் மனம் மட்டும் மிக ஒழுங்காக வேலை செய்தது. கொல்ல வேண்டிய ஆள் எதிரே இருக்கும்போது ஒருவன் தன் உயிரைக் காப்பான். வேறு எதைக் காக்காவிட்டாலும் துப்பாக்கி விசையை அழுத்தும் வலக்கையைக் காப்பான். இவன் அந்தக் கையைத்தான் முதலில் நெருப்புக்குக் கொடுத்திருந்தான். இவன் ஷாலான்களுக்காகக் காத்திருக்கவில்லை.

மறுநாள் கட்டுப் போடுவதற்காக ஊர் மருந்தகத்துக்கு அவனை அழைத்துச் சென்றாள். மருத்துவர் மாஜிதா வடக்கே நைல் கடலில் சேரும் பகுதியிலிருந்து அரசின் கட்டாயப் பணிக்கு வந்தவள், இளையவள், எங்கள் பேச்சில் பாதி அவளுக்கு விளங்காது. துஹாமியின் கைக்குக் கட்டுப் போட்டு வெளி இருக்கைக்கு அனுப்பினாள். அங்கே அவனுக்குக் காவலாகத் துப்பாக்கிகளோடு இருவர் நின்றார்கள். பிறகு நவ்வாராவின் கையை எடுத்து மருந்து பூசினாள்.

“உங்க கை ஆறிடும். வேற என்ன?”

“வேற ஒண்ணுமில்ல.”

“கதவ ரெண்டு தடவ திரும்பிப் பாத்தீங்க. வேற என்ன?”

நவ்வாரா குரலைத் தாழ்த்தினாள். “அவங்க நெருப்புலேருந்து ஓடல, டாக்டர். போய் நின்னாங்க.”

மாஜிதாவின் கை நின்றது. “எப்பவிருந்து இப்படி இருக்காரு? அண்ணன் செத்ததுலேருந்தா?”

“ஊரு அப்படித்தான் சொல்லுது. இல்ல. அதுக்கு முந்தியே. போன வெட்டு முடிஞ்சதுலேருந்து.” சோறு, தூக்கம், புறாக்கள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“நடுவுல ஒரு நாளாவது பழைய ஆளா இருந்தாரா?”

நவ்வாரா நேர்மையாக யோசித்தாள். “இல்ல.”

“துக்கம்னா வரும், ஒரு நாள் அமுக்கும், ஒரு நாள் விடும். கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். இது காரணம் வர்றதுக்கு முன்னாலேயே வந்து உக்காந்துருச்சு. மாசக் கணக்கா எழுந்திரிக்கல. இது நோய்மா. கை வெந்த மாதிரி இதுவும் ஒரு நோய். என்கிட்ட இதுக்கு மருந்து இல்ல. கெனா ஆஸ்பத்திரியில இதுக்குன்னே டாக்டர் இருக்காரு.” மருந்து டப்பாவை மூடினாள். “சாகணும்னு சொன்னாரா?”

“நான் கேக்கல.”

“கேளுங்க.”

“அய்யோ, கேட்டா அந்த நெனப்பு வந்துறாதா?”

“நீங்க கேட்டு வராது. வந்திருந்தா, நீங்க கேக்குற வரைக்கும் அவரு தனியா அதோட கெடப்பாரு. நேராக் கேளுங்க. ஆமான்னு சொன்னா நாளைக்குன்னு தள்ளாதீங்க; அன்னிக்கே கெளம்புங்க. தனியா விடாதீங்க. முதல்ல அந்தத் துப்பாக்கிய அவரு கையிலேருந்து வாங்கிடுங்க.”

நவ்வாராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “துப்பாக்கியவா? உங்களுக்கு எந்த ஊரு, டாக்டர்?”

“மன்சூரா.”

“அதான்.”

ஆயினும் கேட்டாள். அன்று நண்பகலில், பிள்ளை பால் குடித்து உறங்கிய பின்பு, கதவைத் தாழிட்டு அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“ஜாபிர் அப்பா, ஒண்ணு கேக்குறேன். சுத்தி வளைக்கல. சாகணும்னு நெனைக்கிறீங்களா?”

அவன் அவளைப் பார்த்தான். சுவரை விட்டு அவன் கண் அகன்றது நெடுநாளுக்குப் பிறகு அதுவே முதல் முறை.

“ஆமா” என்றான். சுமையை இறக்கி வைப்பவன் விடும் மூச்சோடு அந்தச் சொல் வந்தது.

அதன்பின் மெல்ல மெல்லச் சொன்னான். காலையில்தான் மிகவும் கடினம் என்றான். நனைந்த சாக்கை நெஞ்சில் போட்டு எவரோ அமுக்குவது போலிருக்கும் என்றான். “அண்ணன் செத்தப்ப எனக்கு ஒண்ணுமே தோணல, நவ்வாரா. ஒரு சொட்டுக்கூட. அந்த மொகத்தை வாய்க்கால்லேருந்து தூக்கினதே நான்தான். மண்ணைத் தொடச்சேன், அவ்வளவுதான். எல்லாரும் என்னைப் பாத்து மார் தட்டுறாங்க. அதுதான் தாங்கல.”

“பழி வாங்குற நாள் வெள்ளிக்கிழமைன்னு பேசிக்கிறாங்களே?”

“ஆமா. ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் ஷாலான்களோட காப்பிக் கடைக்குப் போவேன். துப்பாக்கிய நீட்டுவேன். அவங்க சுடுவாங்க.”

“நீங்க?”

“குண்டு இல்ல அதுல. வாய்க்கால்ல போட்டுட்டேன்.” குரலில் எந்த ஏற்றமும் இல்லை. “நானா செஞ்சா நரகம். அவங்க செஞ்சா யாரும் கேக்க மாட்டாங்க. உனக்கும் தலைகுனிவு இல்ல. ஜாபிரை வீரன் மகன்னு சொல்லுவாங்க. எல்லாருக்கும் நல்லது.”

எல்லாருக்கும் நல்லது என்பதை அவன் உண்மையாகவே நம்பினான். அந்த நம்பிக்கைதான் நவ்வாராவை அச்சுறுத்தியது. இறப்பதற்கு ஒரு கௌரவமான வாசல் அவனுக்காகத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதைத் திறந்து வைத்தவர்கள் அவன்மீது அன்பு கொண்டவர்கள்.

அவள் எழுந்தாள். “வாங்க” என்றாள். எங்கே என்று அவன் கேட்கவில்லை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

ஹாஜ் மஹ்ரூஸின் ஆண்கள் கூடத்துக்குள் பெண்கள் நுழைவதில்லை. தேநீர்த் தட்டைக்கூடக் கதவருகே வைத்துவிட்டுத் திரும்புவார்கள். நவ்வாரா துப்பட்டியை இறுக்கிக்கொண்டு நேரே நடுக்கூடத்துக்கு வந்து நின்றாள். குடும்பத்து ஆண்கள் அனைவரும் சுவரோர இருக்கைகளில் இருந்தார்கள். துஹாமி வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான்; அவனுக்காக எழுந்தவர்கள் மீண்டும் உட்கார்ந்தார்கள்.

“பொம்பளைக்கு இங்க என்ன வேலை?” என்றார் மஹ்ரூஸ்.

“ஒரு வார்த்தை, பெரியப்பா. வெள்ளிக்கிழமை இவங்களை அனுப்பாதீங்க. இவங்களுக்கு உடம்பு சரியில்ல. மனசுல நோய். கெனாவுக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

கைத்தடி அவள் தோளில் விழுந்தது. அவர் எழுந்ததை அவள் காணவில்லை. இரண்டாவது அடி முதுகில் விழுந்தது.

“எங்க ஆளைப் பைத்தியம்கிறியா? ஷாலான் வீட்டுல எவன் சொல்லிக் குடுத்தான் உனக்கு?”

“அடிங்க, பெரியப்பா. அடிச்சுட்டுக் கேளுங்க. இவங்களை அனுப்பினா இவங்க சுட மாட்டாங்க. ஷாலான் கணக்குல ரெண்டு பேரு இருப்பாங்க. உங்க கணக்குல ஒருத்தனும் இருக்க மாட்டான்.”

நவ்வாரா துஹாமியின் மடியைக் காட்டினாள்.

“நான் சொல்றது பொய்னா, அந்தத் துப்பாக்கியத் தொறந்து பாருங்க.”

மூலையில் ஒருவன் சிரித்தான். “மாவு பெசையிறவ துப்பாக்கி சோதிக்க வந்துட்டா!”

மஹ்ரூஸ் சிரிக்கவில்லை. துஹாமியின் மடியிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். குண்டுக் கூட்டைக் கழற்றினார். அது வெறுமையாக இருந்தது. குழலின் குண்டறையைத் திறந்து விரலால் துழாவினார். அங்கும் ஒன்றுமில்லை.

“குண்டு எங்கடா?”

“வாய்க்கால்ல.”

தடி உயர்ந்தது. முதல் அடியில் துஹாமியின் காது கிழிந்தது. அடுத்த அடி கழுத்தில் விழுந்தது. அதற்கடுத்த அடி, கட்டுப் போட்ட கையில் விழுந்து வெந்த புண்ணைப் பிளந்தது. அவன் கையை உயர்த்தவில்லை, தலையைச் சாய்க்கவில்லை. இரத்தம் தாடி வழியே இறங்கி வெள்ளை அங்கியில் பரவியது. ரிஃபாயியின் பெயரைச் சொல்லிச் சொல்லி மஹ்ரூஸ் அடித்தார். நவ்வாரா இடையில் விழப் போனபோது இருவர் அவளைப் பிடித்து நிறுத்தினார்கள்.

“அடிங்க, பெரியப்பா” என்றான் துஹாமி, தெளிவாக. “தலையில அடிங்க. நிறுத்திடாதீங்க.”

தடி உயர்ந்த இடத்திலேயே நின்றது.

ஹாஜ் மஹ்ரூஸ் இளமையில் பழிக்காகக் கொன்று சிறையில் தலை நரைத்தவர். சாகப்போகிறவன் எப்படிக் கெஞ்சுவான் என்பதை அறிந்தவர். கொல்லாதே என்று கெஞ்சிய குரல்கள் இன்றும் அவர் காதில் இருந்தன. அதே குரலில், அதே ஏக்கத்தோடு, நிறுத்தாதே என்று கெஞ்சுபவனை அவர் கண்டதில்லை. தடியை மெல்ல இறக்கினார். அருகிலிருந்த இருக்கையில் உட்கார்ந்தார்.

“என்னடா ஆச்சு உனக்கு?” என்றார்.

கரும்பு வெட்டு முடிந்த நாள் முதல் அந்தக் குடும்பத்து ஆண்களில் ஒருவரும் அவனிடம் கேட்காத கேள்வி அது.

“தெரியல, பெரியப்பா” என்றான் துஹாமி. “ரொம்ப நாளா இப்படித்தான் இருக்கு.”

மஹ்ரூஸ் தடியைச் சுவரோரம் சாய்த்தார். பின்பு துப்பாக்கியைத் தம் மகன் பகீத்திடம் நீட்டினார். அவன் அதை வாங்கும்போது அவன் முகம் வெளிறியதை எல்லாரும் கண்டார்கள். கண்டதாக எவரும் காட்டிக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் ஒரு நாளில் திருந்துவதில்லை.

“கூட்டிட்டுப் போ” என்றார் நவ்வாராவிடம், அவளைப் பார்க்காமல். “காவலுக்கு ஆள் தர மாட்டேன். பைத்தியத்துக்குக் காவல் போனோம்னு பேச்சு வரக் கூடாது. இன்னொண்ணும் தெரிஞ்சுக்க. இனிமே இவன் வந்தா இங்க எவனும் எழுந்து நிக்க மாட்டான்.”

“உக்காந்தே இருக்கட்டும், பெரியப்பா” என்றாள் நவ்வாரா. “இவங்க வந்தாப் போதும்.”

கெனாவுக்குப் போகும் சாலை ஒன்றே ஒன்று. அது ஷாலான்களின் குடியிருப்பை ஒட்டிய பாலத்தைக் கடந்து போகிறது. ரிஃபாயி இறந்த நாள் முதல் அவன் குடும்பத்து ஆண் எவனும் கூட்டமாக அல்லாமல் அப்பாலத்தில் கால் வைத்ததில்லை. படகுத்துறையும் அவர்கள் பக்கமே இருந்தது. அன்று பிற்பகலிலேயே வண்டி கொடுக்க முன்வந்தவன் சுமைவண்டி ஓட்டும் வனீஸ் ஒருவன்தான். அவன் கிறிஸ்தவன், இரண்டு குடும்பத்துக்கும் வாழைத்தாரும் உரமும் ஏற்றுபவன்.

“ஏறுங்க” என்றான். “ரெண்டு பக்கமும் என்னைச் சுட மாட்டானுங்க. என்னைச் சுட்டா உர மூட்டைய எவன் தூக்குவான்?” துஹாமியின் கிழிந்த காதைப் பார்த்தான். “இது யாரு குடுத்த சீதனம்?”

“பெரியப்பா” என்றான் துஹாமி.

“நல்ல மனுசன். ஷாலான்களுக்கு வேலை மிச்சம்.”

பேசிக்கொண்டு வந்தவன் பாலத்தருகே வாயை மூடினான். சாலையின் குறுக்கே வைக்கோல் கட்டுகள் போடப்பட்டிருந்தன. துப்பாக்கிகளோடு நான்கைந்து பேர் எழுந்து வந்தார்கள். முன்னால் வந்தவன் கினாவி. கண்ணாடி வழியே துஹாமியை அடையாளம் கண்டதும் அவன் கதவைப் பிய்ப்பதைப் போலத் திறந்தான். தாடியைப் பற்றி இழுத்துச் சாலையில் தள்ளினான். துஹாமி முழங்காலில் விழுந்தான். கினாவி துப்பாக்கிக் குழலை அவன் தொண்டைக்குழியில் வைத்து அழுத்தினான்.

“அண்ணனுக்குப் பதில் வாங்க வந்தியா? வண்டியில ஒளிஞ்சா, பொம்பளைய முன்னால வெச்சுக்கிட்டா? எங்கடா துப்பாக்கி?”

ஒருவன் வண்டியைக் குடைந்தான். “இங்க ஒண்ணுமில்ல. துணி மூட்டையும் புள்ளையும்தான் இருக்கு.”

“அப்ப எதுக்குடா வந்த?”

நவ்வாரா பிள்ளையை மார்போடு அணைத்து இறங்கினாள். அவள் சொல்வதற்கு அங்கே மதிப்பில்லை; கணவனைக் காக்கப் பெண் எதையும் சொல்வாள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிடக் கொடிய ஒன்றும் அவளுக்குத் தெரிந்தது. துஹாமி வெள்ளிக்கிழமை தேடிப் போக இருந்த சாவு அவனைத் தேடி இன்றே வந்துவிட்டது. ‘சுடு’ என்ற ஒரு சொல் போதும். சொல்லாவிட்டாலும் போதும், கை சற்று அசைந்தால் போதும்.

அவள் குனிந்து அவன் கண்களைப் பார்த்தாள். “நீங்களே சொல்லுங்க” என்றாள். “எதுக்கு வந்தோம்னு உங்க வாயால சொல்லுங்க.”

குழலின் நுனி அழுந்திய இடத்தில் தொண்டை ஏறி இறங்கியது. கினாவியின் விரல் விசையில் வெளுத்தது. ஜாபிர் அழத் தொடங்கினான்.

“எனக்கு உடம்பு சரியில்ல” என்றான் துஹாமி.

“என்ன?”

“மனசுல நோய். ரொம்ப நாளா. கெனா ஆஸ்பத்திரிக்குப் போறேன்.” நிறுத்தி, மூச்சு வாங்கி, “வைத்தியம் பாக்கப் போறேன்” என்றான்.

கினாவி தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான். தலையைப் பின்னுக்கு எறிந்து சிரித்தான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

“மஹ்ரூஸோட சிங்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போகுதாம்! இந்தக் கிறுக்கனுக்குப் பயந்தா நான் மூணு மாசமா வீட்டுக்கு உள்ள படுத்தேன்?”

“சுட்டுத் தொலை, கினாவி” என்றான் ஒருவன்.

“எதுக்கு? கிறுக்கனைக் கொன்னான்னு ஊரு என்னைச் சிரிக்கிறதுக்கா? போட்டா மஹ்ரூஸ் மகனைத்தான் போடணும்.” சொல்லிக்கொண்டே துப்பாக்கியைத் திருப்பி, அதன் கட்டையால் துஹாமியின் வாயில் ஓங்கி இடித்தான். முன்பற்கள் உடையும் ஒலி கேட்டது. “இது வழிச்செலவுக்கு. போ!”

வனீஸ் அவனைத் தூக்கி வண்டியில் போட்டான். பாலத்தைத் தாண்டும்போது பின்னால் சுட்டார்கள். ஒரு குண்டு பின்கண்ணாடியை நொறுக்கியது. கண்ணாடித் தூள் எல்லார் தலையிலும் கொட்டியது. வனீஸ் சிலுவைக் குறியிட்டுக்கொண்டு வண்டியை விரட்டினான்.

நெடுந்தூரம் கடந்த பின்பு நவ்வாரா துப்பட்டியின் நுனியைக் கிழித்து அவன் வாயில் வைத்தாள்.

“நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

அவன் பல் துண்டைத் துப்பினான். “நானும் அப்படித்தான் நெனச்சேன். அந்தக் குழல் பட்டப்ப சில்லுன்னு இருந்துச்சு. பயந்துட்டேன், நவ்வாரா.” அதை வியப்போடு சொன்னான். “ரொம்ப நாளாச்சு, நான் எதுக்கும் பயந்து.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்னால் வனீஸ் எதுவும் கேளாதவனைப் போலச் சாலையையே பார்த்து ஓட்டினான்.

கெனா மருத்துவமனை வாயிலில் எழுத்தர் ஒருவர் சாளரத்துக்குப் பின்னால் இருந்தார். இரத்தத்தில் ஊறிய தாடி, கிழிந்த காது, பிளந்த கட்டு ஆகியவற்றைக் கண்டதும் வேறெதுவும் கேட்காமலே கையை நீட்டினார்.

“காயத்துக்கு எடது பக்கம். கூட்டம் இல்ல, ஓடுங்க.”

நவ்வாரா பேச வாயெடுத்தாள். துஹாமி அவளுக்கு முன்னால் வந்து, சாளரத்தின் கம்பியைக் கட்டுப் போட்ட கையால் பற்றினான்.

“மனசுக்குப் பாக்குற டாக்டர் எங்க?” உடைந்த பற்களுக்கிடையே சொற்கள் குழறின. மீண்டும் சொன்னான். “மனசுக்குப் பாக்குற டாக்டர்.”

“யோவ், மூஞ்சி கிழிஞ்சு கெடக்கு. முதல்ல காயத்தைக் கட்டிட்டு வா.”

“காயம் இன்னிக்குப் பட்டது, ஐயா” என்றான் துஹாமி. “மனசு நோய் போன வருசத்துலேருந்து இருக்கு. முதல்ல வந்ததை முதல்ல பாக்கட்டும்.”

எழுத்தர் அப்போதுதான் அவன் கண்களை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே வந்து, அந்த மருத்துவரின் அறைக்குப் போகும் மாடிப்படியைக் காட்டினார்.